கேட்காமல் நான் பார்த்த உன் பேச்சு

சேசு மரி சூசை துணை

புன்னைக்காயல்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் விஜிலாவுக்கு அப்பா எழுதுவது. மாதா தயவில் நாங்கள் மூன்று பேரும் இங்கே சுகமாயிருக்கிறோம், அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, கோயிலுக்கு நடந்தே போய்வருகிறாள். தம்பி ஜாய்சனுக்குத் துறைமுகத்தில் கண்டெய்னர் யார்டு வேலை நிரந்தரமாகிவிடும் போலிருக்கிறது. ஒரு வாரமாகக் காற்று பலமாக அடிப்பதால் வள்ளங்கள் எல்லாம் கரையில்தான் கிடக்கின்றன. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் சளி இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். நான் புனேயிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது, அப்பாவுக்கு என்மேல் கோபமா என்று மூன்று தடவை அம்மாவிடம் போனில் கேட்டாயாம். கோபம் இருந்தது, இரண்டு நாள் இருந்தது. அதற்குப் பிறகு இருந்ததற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. அதை எழுதத்தான் ஜாய்சனிடம் நாலு தாள் வாங்கிக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

முதலில் உன் பேச்சுப் போட்டியன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ மேடையில் இருந்தாய், நான் பார்த்ததை நீ பார்த்திருக்க முடியாது. உன் விடுதித் தோழி என்னைக் கூட்டிக்கொண்டு போய் முதல் வரிசையில் இடது ஓரத்தில் உட்கார வைத்தாள். அந்த மண்டபம் வட்டமாகக் கட்டியிருந்ததால் உன்னைப் பார்க்கிற மாதிரியே கூட்டத்தின் முகங்களையும் என்னால் பார்க்க முடிந்தது. உனக்கு முன்னால் நான்கு பேர் பேசினார்கள். நல்ல பிள்ளைகள்தான், கையை வீசிப் பேசினார்கள், ஆனால் கூட்டத்தில் ஒருத்தி முடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள், ஒரு பையன் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டான், பலபேர் மடியில் வைத்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் நீ வந்தாய். வந்து நின்றாய், வாயைத் திறக்கவில்லை. பிள்ளைக்கு மறந்துவிட்டது என்று நினைத்து நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சமயத்தில்தான் மகளே, செல்போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. யாரும் இறக்கச் சொல்லவில்லை. பச்சைப் புடவை கட்டிய நடுவர் அம்மா பேனாவை மேசையில் வைத்தார். வாசலில் சுவரில் சாய்ந்து நின்ற காவலாளி நிமிர்ந்து இரண்டு எட்டு உள்ளே வந்தார். பிறகு நீ பேச ஆரம்பித்தாய், கொஞ்ச நேரத்தில் மண்டபம் முழுக்க ஒன்றாகச் சிரித்தது, அப்புறம் ஒன்றாகச் சிரிப்பை நிறுத்தியது. கடலுக்கடியில் பத்துப் பாகம் ஆழத்தில் ஆயிரம் மீன் ஒரே நொடியில் திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன், எது திருப்புகிறது என்று இன்றுவரைக்கும் தெரியாது. இங்கே எது திருப்பியது என்று எனக்குத் தெரிந்தது. அது என் மகள், தூத்துக்குடித் துணிக்கடையில் எடுத்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு ஒரு கையைக்கூட அசைக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு விளங்கவில்லை. அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. முந்நூறு பேர் இருப்பார்கள், முந்நூறு பேரும் என்னையே பார்க்கிறார்கள். சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. வரும் வழியில் சாப்பிட்ட வடையின் எண்ணெய் தாடையில் ஒட்டியிருக்கிறதோ என்று துண்டால் துடைத்தேன். அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டேன். பச்சைப் புடவை அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். நீ முடித்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். தேசிய கீதம் போடுகிறார்கள் என்று நினைத்து நானும் விறைப்பாக நின்றேன். பிறகுதான் எல்லாருடைய கையும் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து நானும் தட்டினேன். எனக்கு நானே கை தட்டிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. நீ கீழே இறங்கி வந்து, "அப்பா, கேட்டுச்சா?" என்று கேட்டாய், உன் வாயசைவில் அது புரிந்தது. "நல்லாக் கேட்டுச்சுளா, ஒரு வார்த்த விடாமக் கேட்டேன்" என்று சொன்னேன். நீ என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்கு ஊருக்கு வந்த பிறகுதான் கிடைத்தது.

உன் பல்கலைக்கழகம் போட்ட வீடியோவை ஜாய்சன் கண்டுபிடித்துப் பார்த்திருக்கிறான். அப்பாவிடம் காட்டாதே என்று நீ அவனுக்குச் செய்தி அனுப்பினாயாம், அவனும் ஒரு வாரம் அடக்கிவைத்திருந்தான். அப்புறம் அவனால் முடியவில்லை. உன் இங்கிலீசை வரிவரியாகத் தமிழில் ஒரு நோட்டில் எழுதி, போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் என் முன்னால் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். அவனை நீ திட்டக் கூடாது, சொல்லிவிட்டேன். அதில் முதலில் நம் சண்டையைச் சொல்லியிருந்தாய். நீ இந்தத் தொடர்பியல் படிப்பில் சேரப்போகிறேன் என்றதும், "பேசுததுக்கு ஒரு படிப்பாளா? ஒங்க அம்ம எந்தக் காலேஜ்ல படிச்சிட்டு இந்தப் பேச்சு பேசுதா?" என்று நான் கேட்டது அப்படியே இருந்தது. அந்த மண்டபம் சிரித்தது இதற்குத்தான் என்று தெரிந்து நானும் தனியாகச் சிரித்தேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் விக்டர் வருகிறார். வார்த்தை இல்லாமல் மனிதர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று ஒரு பாடத்துக்காக நீ விசாரித்தாய் என்பதும், சங்கு குளிக்கப் போகும்போது எனக்கு மேலே கயிறு பிடித்த விக்டரிடம் அதற்காகப் போனாய் என்பதும் எனக்குத் தெரியவே தெரியாது. கயிற்றை ஒரு தடவை இழுத்தால் இன்னும் விடு, இரண்டு தடவை இழுத்தால் தூக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த மனுசன் சும்மா இருந்திருக்கலாம். நீ பதினொன்றாம் வகுப்பு படித்த வருடம் நடந்ததையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்.

அந்த நாளைப் பற்றி நான் வீட்டில் வாய் திறந்ததே இல்லை. இனி மறைக்க என்ன இருக்கிறது, எழுதுகிறேன். கீழே சங்கு பொறுக்கிக்கொண்டிருந்தபோது காற்றுக் குழாய் எங்கேயோ மடங்கி, மூச்சு இழுத்தால் ஒன்றும் வரவில்லை. நான் இரண்டு தடவை கயிற்றை இழுத்தேன். மேலே விக்டர் ஒரு கையில் கஞ்சிச் சட்டியை வைத்திருந்தவர், மறு கையில் கயிற்றை விடாமல் வைத்திருந்தார். சட்டியைக் கடலில் போட்டுவிட்டு ஒரே மூச்சில் என்னைத் தூக்கினார். மெதுவாகத்தான் தூக்க வேண்டும், ஆனால் அப்படித் தூக்கியிருந்தால் நான் செத்திருப்பேன். வேகமாக வந்ததில் உயிர் தப்பியது, இரண்டு காதும் கிழிந்து ரத்தம் வந்தது. வீட்டில் சொல்லக் கூடாது என்று வள்ளத்தில் இருந்தவர்களிடம் மாதாமேல் சத்தியம் வாங்கிக்கொண்டு, காதில் பஞ்சு அடைத்து, சளிக்காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிட்டேன். சொன்னால் அம்மா என்னைக் கடலுக்கு விடமாட்டாள், உன் படிப்பு என்னவாகும் என்று பயம். அதற்கப்புறமும் மூன்று வருடம் சங்கு குளித்தேன். கேட்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. ஐஸ் பிளாண்டில் வேலைக்குச் சேர்ந்தபோது, இந்த மிஷின் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது, நான் அகப்பட மாட்டேன் என்று நிம்மதியாக இருந்தது. நீ போன் செய்தால், "சாப்ட்டியா, சரி, அம்மைட்ட குடுக்கேன்" என்று இரண்டு வார்த்தையோடு நான் தப்பித்துக்கொண்டதற்கும் காரணம் இதுதான், உன் படிப்பின் மேல் இருந்த வெறுப்பு இல்லை. நீ அப்படி நினைத்திருந்தால் இப்போது மாற்றிக்கொள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல முடியாது, மனப்பாடமாகிவிட்டது. "என் அப்பா இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். முதல் வரிசை, இடது ஓரம், நீலச் சட்டை. என் பேச்சைக் கேட்பதற்காக இரண்டு நாள் ரயிலில் தனியாக வந்திருக்கிறார். நான் பேசுவதில் ஒரு சொல்கூட அவருக்குக் கேட்காது. அது எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. இது முடிந்ததும், கேட்டதா என்று நான் கேட்பேன், நன்றாகக் கேட்டது என்று சொல்லுவார். தயவுசெய்து நீங்கள் யாரும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்." இதைப் படித்ததும் எனக்கு வந்தது கோபம்தான். ஊர்பேர் தெரியாத முந்நூறு பேர் முன்னால் என்னைச் செவிடன் என்று சொல்லிவிட்டாளே என்று. சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டேன். அம்மா எதிரே வந்து உட்கார்ந்தாள். நோட்டைக் காட்டி, ஒனக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "அன்னைக்குத் தலகாணி உறையத் தொவச்சது யாரு? நாந்தான?" ஏழு வருடம் அவள் அதை மனதில் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். இந்தப் பெண்ணைத்தான் எந்தக் காலேஜில் படித்தாள் என்று நான் கேலி பேசினேன்.

மறுநாள் விக்டர் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டேன், சத்தியத்தை மீறிவிட்டீரே என்று. அவர் அசையவே இல்லை. "ஏலே வளன், ஏழு வருசமா ஒனக்கு நேர் எதிர நின்னுதான் பேசுதேன், அது எதுக்குன்னு நெனச்ச?" என்றார். நினைத்துப் பார்த்தேன், ஆமாம், அந்த மனுசன் ஒருநாளும் என் பக்கவாட்டில் நின்று பேசியதில்லை. அப்புறம் அவரே தலையைக் குனிந்துகொண்டு, தனக்கும் வலது காது போய் ரொம்ப நாளாகிறது, இடதும் மந்தம்தான் என்று எழுதிக் காட்டினார். அவரும் முந்திச் சங்கு குளித்தவர்தானே. எங்களோடு சங்கு குளித்த திரேஸ்புரம் லிங்கராஜுக்கும் இதே கதைதானாம், இன்னும் இரண்டு பேருக்கும் அப்படித்தான். ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளாமல், கேட்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே இத்தனை வருடம் ஒரே கடையில் டீ குடித்திருக்கிறோம். ஜாய்சன் உன் வீடியோவை அவர்கள் எல்லாருக்கும் காட்டினான், நோட்டையும் கொடுத்தான். லிங்கராஜ் படித்துவிட்டு, ஒம் மவ எங்களுக்கும் சேத்துப் பேசிட்டாடே என்று என் தோளில் கை வைத்தார். அன்றோடு கோபம் போய்விட்டது. ஒரு பிள்ளை எங்கேயோ மகாராஷ்டிராவில் பத்து நிமிடம் நின்று பேசியதற்கு, இங்கே ஐந்து ஆம்பிளைகள் வாயைத் திறந்துவிட்டார்கள். பேச்சுக்கு இவ்வளவு பலம் உண்டு என்று யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

உனக்கு இரண்டாம் பரிசுதான் கொடுத்தார்கள் என்பதில் எனக்கு வருத்தம்தான். முதல் பரிசு வாங்கிய பையன் பேசும்போது என் கண்ணெதிரே பதினோரு பேர் செல்போன் பார்த்தார்கள், அதை அந்தப் பச்சைப் புடவை அம்மாவிடம் யாராவது சொல்லலாம். போகட்டும். நீ ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகட்டுமா என்று கேட்டதற்கு, பி.எட். முடித்துவிட்டு ஊரோடு வந்து டீச்சர் வேலை பார் என்று அம்மா மூலம் சொல்லி அனுப்பியிருந்தேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். போய்ப் படி. எத்தனை வருடம் ஆனாலும் படி. எனக்குக் கொடுக்க வேறு புத்தி ஒன்றும் இல்லை, வெறும் வயிற்றோடு மேடை ஏறாதே, ஈரத் தலையோடு படுக்காதே, அவ்வளவுதான்.

போன வியாழக்கிழமை நாங்கள் ஐந்து பேரும் ஒரு ஆட்டோவில் தூத்துக்குடிக்குக் காது டாக்டரிடம் போனோம். வரிசையாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ரொம்ப நேரமாகியும் யாரும் கூப்பிடவில்லை, என்னடா இது என்று இருந்தது. பார்த்தால் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். நர்ஸ் பிள்ளை வாசலில் நின்று என் பெயரைப் பத்து தடவை கத்தியிருக்கிறாள். கடைசியில் எங்கள் முன்னால் வந்து இடுப்பில் கை வைத்து நின்று, பெரிதாக வாயைத் திறந்து ஒரு பெயரைச் சொன்னாள். ஐந்து பேருமே எழுந்து நின்றோம். அப்புறம் எங்களுக்கே சிரிப்பு தாங்கவில்லை, விக்டர் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். உனக்கு நான் சொல்லிச் சிரிக்க ஒன்று கிடைத்தது என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். எனக்கு இடது காது இனி தேறாதாம், வலது காதுக்கு மிஷின் வைக்கலாமாம், அளவெடுத்திருக்கிறார்கள்.

மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், உன் நாவில் எப்போதும் உண்மையே இருக்கட்டும். ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பம் போடக் கடைசி நாள் இருபதாம் தேதி என்று ஜாய்சன் சொல்லுகிறான், மறந்துவிடாதே. அம்மா கருவாடும் மிட்டாயும் பார்சலில் அனுப்பியிருக்கிறாள், கருவாட்டை விடுதி அறையில் திறக்காதே, மற்ற பிள்ளைகள் ஓடிவிடுவார்கள்.

உன் பேச்சில் ஒரு சொல்கூடக் கேட்காத,
உன் அன்பு அப்பா,
வளன்.