பாலம் தாண்டிய தூங்கி

அன்புள்ள அண்ணாவுக்கு உன் சுண்டெலி எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும், வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும், குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போக வேண்டும். இதெல்லாம் அம்மா ஒவ்வொரு கடிதத்திலும் சொல்லச் சொல்ல எழுதி என் கைக்கே பழகிவிட்டது, பேனாவைத் தொட்டால் தானாக வருகிறது. இங்கே அம்மா நலம். அப்பாவும் நலம், இந்த வாரமும் தண்ணீர் நிலையத்தில் அவருக்கு இரவு வேலைதான், காலையில் வந்து சாக்ஸைக் கூடக் கழற்றாமல் தூங்கிவிடுகிறார். நான் நலமில்லை. இனிமேல் நலமாக இருப்பதும் இல்லாமல் போவதும் உன் கையில்தான் இருக்கிறது.

இந்தப் பார்சலில் உனக்கு இரண்டு கடிதம் வரும். மேலாக இருப்பது அம்மா மெஷினை மிதித்துக்கொண்டே சொல்ல நான் எழுதியது. இது இரண்டாவது, இதை அம்மா உனக்குத் தைத்த நீலச் சட்டையின் பையில் மடித்து வைத்துப் பட்டனையும் போட்டுவிடுவேன். உன்னோடு வேலை செய்யும் அந்தக் கண்ணாடி போட்டவர் காலையில் வந்து பார்சலை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்காதே, வீட்டில் இருப்பது அம்மாவின் போன் ஒன்றுதான், நீ பேசும்போது அதை மேஜை நடுவில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொள்கிறோம், அதில் என்ன ரகசியம் பேச முடியும். இப்போது அம்மாவின் தையல் அறையில் கட்டிங் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து டார்ச்சைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். பக்கத்து அறையில் அம்மாவின் குறட்டை கேட்கிறது. அது கேட்கிறவரை எனக்குத் தைரியம், நின்றால் நானும் மூச்சை நிறுத்திவிடுவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ போகும்போது உன் பழைய கேம் எல்லாம் ஆடுகிற அந்தக் கையடக்கக் கருவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாயே, அது என்னிடம் இருந்தது கொஞ்ச நாள்தான். இதை உன்னிடம் சொல்லவே கூடாது என்று அம்மா என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள், அதனால் சொல்லவில்லை, எழுதுகிறேன். அம்மா கேம் ஆடுகிறாள். மலை உச்சியில் இருக்கும் டிராகனைக் கொல்லப் புறப்படுகிற ஒரு பையனின் கதை இருக்கிறதே, அதுதான். ஆரம்பத்தில் அவனுக்குப் பெயர் வைக்கச் சொல்லும், அம்மா ஒரு நொடி கூட யோசிக்காமல் தூங்கி என்று உன் செல்லப் பெயரை வைத்துவிட்டாள். அன்றோடு டிராகனுக்கு நல்ல காலம் பிறந்தது. அந்தப் பையனை அம்மா முதல் ஊரைவிட்டு வெளியே விட்டதே இல்லை. ஊருக்கு வெளியே ஆற்றின்மேல் ஒரு பாலம் இருக்கிறது, அதன் பக்கம் அவன் முகம் திரும்பினாலே அம்மா அவனை ஊருக்குள் திருப்பிவிடுவாள். கிணற்றடியில் வழுவழு என்று ஊர்கிற ஜந்துக்களை மட்டும் அடிக்க விடுவாள், அதில் கிடைக்கும் காசுக்கெல்லாம் மருந்து இலையாக வாங்கி அவன் பையை நிரப்புவாள், கம்பளிக் கோட்டு போட்டுவிடுவாள், பொழுது சாய்ந்தால் விடுதியில் கொண்டுபோய்ப் படுக்க வைப்பாள். அரண்மனையில் ராஜா பார்க்கிறபோதெல்லாம் உலகம் அழியப்போகிறது சீக்கிரம் கிளம்பு என்று கத்துகிறார். அதற்கு அம்மா, "அழிஞ்சா அழியட்டும், புள்ள இப்பதான் சாப்பிட்டுப் படுத்திருக்கான்" என்கிறாள். தினமும் கடையைச் சாத்தியதும், "இருடி, அவன் படுத்தானான்னு பாத்துட்டு வந்துடுறேன்" என்று போய்விடுவாள். முதலில் எனக்குச் சிரிப்பாக வந்தது, பிறகு சிரிக்கவில்லை.

இப்போது என் தலைவிதியைக் கேள். போன தடவை கண்ணாடிக்காரரிடம் எனக்குப் புது கேம்கள் என்று ஒரு பென் டிரைவ் கொடுத்து அனுப்பினாய். எப்படி ஏற்ற வேண்டும் என்று நீ எழுதியிருந்தபடியேதான் செய்தேன். கருவியை முழுதாக அணைத்தேன், மெமரி கார்டை நகத்தால் அழுத்தி வெளியே எடுத்தேன், கார்டு ரீடரில் செருகி அம்மா பில் போடுகிற கம்ப்யூட்டரில் மாட்டினேன். அங்கே ஒவ்வொரு பழைய கேம் மெஷினுக்கும் ஒரு ஃபோல்டர் இருந்தது, உன் பென் டிரைவிலும் அதே மாதிரி ஃபோல்டர்கள் இருந்தன. ஒன்றொன்றாகத் திறந்து புதியதை மட்டும் எடுத்துப் போடு என்று நீ எழுதியிருந்தாய். யாருக்கு அவ்வளவு பொறுமை, மொத்தத்தையும் பிடித்து இழுத்துப் போட்டேன். இதே பெயரில் ஏற்கெனவே கோப்பு இருக்கிறது, அதை எடுத்துவிட்டு இதை வைக்கவா என்று கேட்டது. அந்த நேரம் பார்த்து அம்மா சீருடைத் துணிக்கு அளவு பார்க்க உள்ளே வந்தாள், நான் பதறி எல்லாவற்றுக்கும் ஆம் என்பதை அமுக்கிவிட்டேன். கார்டைத் திரும்பப் போட்டு அம்மாவின் கேமைத் திறந்தால் தூங்கி இல்லை. கோட்டு இல்லை, மருந்து இல்லை, ஒன்றும் இல்லை. கையில் ஒரு குச்சியோடு ஒருவன் நிற்கிறான், அவன் பெயர் ஏஏஏ. அது யார் செய்த வேலை என்று உனக்கே தெரியும், பெயர் வைக்கச் சோம்பல்பட்டு ஒரே எழுத்தைத் தட்டிவிட்டு ஆடிப் பார்த்த உன் சேவ் கோப்பு, அதாவது ஆட்டத்தை விட்ட இடத்தைச் சேர்த்து வைக்கிற கோப்பு, அம்மாவின் கோப்பின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. ஆகவே பாதித் தப்பு உன்னுடையது. பாதிக்கு மேல் என்று கூடச் சொல்லலாம்.

அம்மாவிடம் சார்ஜ் ஏறவில்லை என்று சொன்னேன். குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டே, "சரி, இருக்கட்டும்" என்றாள், அவ்வளவுதான். நான் கருவியை வெட்டுத் துணி மூட்டைக்குள் ஒளித்து வைத்தேன், அம்மா தூங்கின பிறகு எடுத்து, சத்தத்தை அணைத்துவிட்டு, புதிதாகத் தூங்கி என்று பெயர் வைத்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவன் எப்படி இருந்தானோ அப்படியே ஆக்கி அம்மாவிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கிணற்றடி ஜந்துக்கள் கொடுக்கிற சில்லறைக்கு அத்தனை மருந்து வாங்க வேண்டுமென்றால் எனக்குக் கல்யாணமே ஆகிவிடும். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவை நிறையக் காசு கொடுக்கும். ஒரு ஓட்டம் போய் அடித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று தாண்டினேன். அவன் கடைசிப் பலகையிலிருந்து கால் எடுத்ததும் பாலம் இடிந்து ஆற்றில் விழுந்துவிட்டது. கதையே அப்படித்தானாம். இதை நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இப்போது உன் பெயர் வைத்த பையன் அக்கரையில் நிற்கிறான், பையில் ஒரு இலை இல்லை, உயிர் ஒரு கோடு அளவுக்கு இருந்தது, அப்படியே சேவ் செய்துவிட்டு அழுதேன்.

இதற்குமேல் ஒன்று இருக்கிறது, படித்துவிட்டுச் சிரிக்காதே. மறுநாள் திறந்தேன். பை நிறைய மருந்து இலை. நான் வாங்கவில்லை. தூங்கி விடுதிக் கட்டிலில் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறான், நான் அவனை விட்டது காட்டு வழியில். சரி, தூக்கக் கலக்கத்தில் நானே செய்திருப்பேன் என்று நினைத்து அவனை எழுப்பி மேலும் கொஞ்ச தூரம் கூட்டிப் போனேன், கையிலிருந்து நெருப்பு வீசக் கற்றுக்கொண்டான். அடுத்த நாள் திறந்தால் காலில் புது பூட்ஸ். அதற்கு அடுத்த நாள் தலைக்குக் குல்லா. கார்டு கெட்டுப்போனால் இப்படி ஆகுமா, அல்லது கோப்பை அழித்த பாவத்துக்குப் பழைய தூங்கி ஆவியாக வந்திருக்கிறானா. கருவியைத் தொடவே பயமாக இருக்கிறது, தொடாமலும் இருக்க முடியவில்லை.

இதைவிட உன் விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை. நீ சாமான் கிடங்கில் உட்கார்ந்து நட்டு போல்ட் எண்ணுகிற வேலையிலிருந்து காற்றாலைக் கோபுரத்தில் ஏறுகிற வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், அம்மா சரி என்று சொன்னால்தான் ஏறுவேன் என்று நீ சொல்லிவிட்டாய், அங்கே பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். அம்மா இத்தனை கடிதத்திலும் அதை மட்டும் மழுப்பிக்கொண்டே வந்தாள். இன்றைக்குச் சொல்லும்போதும் அந்த இடம் வந்ததும் மெஷினை நிறுத்தினாள், நூலைப் பல்லால் அறுத்தாள், "அங்க ரெண்டு வரி இடம் விடு, காலையில சொல்றேன்" என்றாள். அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. காலையில் அவள் மூட்டையைக் கிளறி, தூங்கி பாலம் தாண்டிப் போய் நிற்பதைப் பார்த்தாள் என்றால் அந்த இரண்டு வரியில் என்ன வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நீ ஆயுசு முழுக்க நட்டு எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த தடவை பேசும்போது, பாலத்தைத் தாண்டச் சொன்னது நான்தான் அம்மா, சுண்டெலியிடம் சொல்லியிருந்தேன் என்று ஒரு பொய் சொல்லு. நீ சொன்னால் அம்மா கோபப்பட மாட்டாள். செய்ய மாட்டாய் என்றால் எனக்கும் ஒன்று தெரியும். நீ அனுப்பிய போட்டோவில் மூலையில் உங்கள் முகாம் நாய் படுத்திருக்கிறதே, அது எதன்மேல் படுத்திருக்கிறது என்று நான் பெரிதாக்கிப் பார்த்தேன். துண்டு துண்டாக ஒட்டி அம்மா ராப்பகலாகத் தைத்து அனுப்பிய போர்வை. அம்மா இன்னும் கவனிக்கவில்லை. கவனிக்காமலே இருக்கட்டும் என்று நீ நினைத்தால் சொன்னபடி செய். குறட்டை நிற்கிற மாதிரி இருக்கிறது, முடித்துக்கொள்கிறேன். கோபுரத்தில் ஏறினால் கீழே பார்க்காதே.

இப்படிக்கு
பயத்தோடும் பாசத்தோடும்
உன் தங்கை சுண்டெலி

கண்ணா, இது அம்மா. என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துப் படி. தைத்த துணியை மடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பையிலும் விரலை விட்டுக் குண்டூசி இருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம், தையல்காரி வயிற்றில் பிறந்தவளுக்கு அது எப்படி மறந்தது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் படித்துவிட்டேன். வெட்டுத் துணி மூட்டையில் கொண்டுபோய் ஒளித்திருக்கிறாள், தலையணைக்கு அடைக்க நான் தினமும் கை விடுகிற மூட்டை. அன்றைக்குத் திறந்து பார்த்தபோது அவன் அக்கரையில் அரை உயிராகக் கிடந்தான். அவளை எழுப்பிக் காதைத் திருகலாம் என்றுதான் எழுந்தேன். பிறகு பார்த்தால் பிள்ளை சும்மா இல்லை, சண்டை போடத் தெரிந்திருக்கிறது. என்னிடம் இருந்தவரை கிணற்றடி ஜந்துக்களைத் தவிர வேறெதையும் அடிக்கத் தெரியாது. சரி என்று பக்கத்து ஊருக்கு நடத்திப் போய் மருந்து வாங்கிக் கொடுத்துப் படுக்க வைத்தேன். அன்றிலிருந்து அவள் கூட்டிப் போகிறாள், அவள் தூங்கின பிறகு நான் பையை நிரப்புகிறேன். குறட்டை விடுவது பெரிய வித்தையா, உன் அப்பா பக்கத்தில் இத்தனை வருஷம் படுத்தவளுக்கு அது வராதா.

நேற்று அவள் எடுப்பதற்கு முன்னால் நானே எடுத்து மலைப் பாதையில் ஏற்றிப் பார்த்தேன். ஒரு தடவை விழுந்தான், மருந்து கொடுத்தேன், எழுந்துவிட்டான். மேலே போனதும் அவன் பிறந்த ஊர், ஆறு, இடிந்த பாலம் எல்லாம் கையகலத்துக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நிறுத்தி வைத்திருந்தேன். காலையில் அந்தக் காலி இடத்தில் "ஏறு" என்று அவளை எழுதச் சொல்வேன். ஏன் என்று அவளுக்குத் தெரியாது, உனக்குத் தெரிந்தால் போதும். இந்தக் கடிதத்தை எடுத்த இடத்திலேயே வைத்துப் பட்டனைப் போட்டுவிடுகிறேன். அவள் கேட்டபடி அந்தப் பொய்யைச் சொல்லிவிடு, நானும் நம்பிக்கொள்கிறேன்.

நன்றாக இரு. போகிற இடமெல்லாம் உனக்கு நல்லதே நடக்கட்டும். இடுப்பு பெல்ட்டை மாட்டின பிறகு இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறு. நாய்க்கு அந்தப் போர்வை போதுமானதாக இருக்கிறதா, இன்னும் கொஞ்சம் நீளம் வேண்டுமா என்று எழுது.

இப்படிக்கு
அம்மா