சனிக்கிழமை நான் வாயைத் திறக்கவில்லை

மே 2, சனி

ஐரோப்பியப் பாட்டுப் போட்டிக்கு வந்து சேர்ந்தாயிற்று. ஹோட்டல் அறை குளிர்கிறது. மேடையில் இலேனியா பாட வேண்டும், திரைக்குப் பின்னால் நான் துணைக்குரல் கொடுக்க வேண்டும், மால்டாவுக்கு இந்த வருஷமாவது கோப்பை வர வேண்டும். இரண்டாம் இடம் வரை போயிருக்கிறோம், ஜெயித்ததே இல்லை. கிளம்புவதற்கு முதல் நாள் மருந்துக்கடையில் என்னிடம் மாத்திரை வாங்கியவர்கள் எல்லாரும், "வெறுங்கையோட வந்துடாதே மார்தீஸ்" என்றார்கள். கேமரா என் பக்கம் திரும்பவே போவதில்லை என்று அவர்களுக்கு யார் சொல்வது?

மே 9, சனி

இலேனியாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பாட்டின் முடிவில் வரும் உச்ச ஸ்வரம் ஒத்திகையில் பாதியிலேயே அறுந்தது. டாக்டர் ஓய்வு எடுக்கச் சொல்கிறார். அதற்கு எங்கே நேரம்? லிஃப்டில் சுவரைப் பார்த்தபடி நின்றாள். சின்னப் பெண்.

மே 11, திங்கள்

எங்கள் குழுத் தலைவர் ஃபிரான்ஸ் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் நீங்க பின்னாலயிருந்து பாடிடுங்க. அவ வாயைத் திறந்து வச்சிருந்தாப் போதும்."

"இது சரியா?"

"விதியில தடை இல்ல. விசாரிச்சுட்டேன்."

நான் கேட்டது விதியைப் பற்றி இல்லை. எதைப் பற்றிக் கேட்டேன்? தெரியவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

மே 14, வியாழன்

அரையிறுதி. பாடினேன். கறுப்புத் திரைக்குப் பின்னால், கேபிள் சுருள்களுக்கு நடுவில் நின்று. என் ஆயுளில் அப்படி ஒரு ஸ்வரம் என் தொண்டையிலிருந்து வந்ததில்லை. அரங்கமே எழுந்து நின்றதாம். இறுதிச் சுற்றுக்குப் போய்விட்டோம்!

சால்வு போன் செய்தார். எங்கள் கோசோ தீவுக்குப் போகும் படகில் வேலையில் இருந்திருக்கிறார். "படகுல இருந்தவங்க பூரா 'இலேனியா, இலேனியா'ன்னு ஒரே கூத்து. நான் வாயைத் திறக்கல. என் பொண்டாட்டி குரல் எனக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குச் சிரிப்பதா அழுவதா?

மே 15, வெள்ளி

பந்தயம் கட்டுகிறவர்கள் எங்களை மூன்றாம் இடத்தில் வைத்திருக்கிறார்களாம். ஃபிரான்ஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. "என்ன குரல்மா உனக்கு!" என்று எல்லாரும் இலேனியாவின் கையைக் குலுக்குகிறார்கள். அவள் நன்றி சொல்கிறாள், என்னைப் பார்க்காமல். எனக்குப் பொறாமையா? இல்லை. இல்லையா?

மே 16, சனி

மேடைக்குப் போக இன்னும் கொஞ்ச நேரம். ஒப்பனை அறையில் இலேனியா என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, இன்னிக்கு நானே பாடறேன். நீங்க பாடாதீங்க."

"தொண்டை?"

"போனாப் போகட்டும். எங்கம்மா வியாழக்கிழமை பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேக்கறாங்க. போன்ல என்கிட்டயே போட்டுக் காட்டறாங்க. என்னால முடியலக்கா."

"ஃபிரான்ஸ்கிட்ட ஒரு வார்த்தை—"

"சொல்லாதீங்க."

தலையாட்டினேன். ஆட்டினேனா? தீவு முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும். இவள் ஒருத்தி. யார் பக்கம் நிற்பது?

மே 17, ஞாயிறு

பாடவில்லை. மைக் உதட்டருகில் இருந்தது. மூச்சைக்கூட இழுத்துவிட்டேன். அவள் குரல் ஏறியது — ஏறி — உடைந்தது. உடைந்த பிறகும் அவள் விடவில்லை. உடைந்ததையே பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதாவது நான் சேர்ந்திருக்கலாம். சேரவில்லை.

இருபத்தோராம் இடம்.

"உங்க மைக் வேலை செய்யலியா?" என்றார் ஃபிரான்ஸ். செய்தது என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை.

மே 18, திங்கள்

நாங்கள் கிளம்பிய அன்று வழியனுப்ப பேண்டு வாத்தியம் வந்திருந்தது. இன்று விமான நிலையத்தில் இலேனியாவின் அப்பா மட்டும் நின்றிருந்தார்.

மே 28, வியாழன்

ஊரே அவளைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது. இன்று டிவியில் அவளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "வியாழக்கிழமை கேட்ட ஸ்வரம் என்னுது இல்ல. நதூர் ஊர் மருந்துக்கடை மார்தீஸ் பாடினாங்க. சனிக்கிழமை பாடாதீங்கன்னு நான்தான் கெஞ்சினேன்." என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல மனசுதான். இனி ஊர் என்னைப் பாராட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மே 29, வெள்ளி

இருமல் மருந்துக்கு வந்த கார்மனு கிழவர்: "ஏம்மா, அப்படியொரு குரலை வச்சுக்கிட்டு மரம் மாதிரி நின்னியா?"

"அந்தப் பொண்ணு கேட்டுக்கிட்டா."

"அது சின்னப் புள்ள, கேக்கும். உனக்கு எங்க போச்சு புத்தி?"

வரிசையில் நின்ற ஒருத்தி, "தோக்கறதுக்கு இத்தாலிக்காரன் ஏதாவது குடுத்தானா மார்தீஸ்?" என்றாள். கடையே சிரித்தது. நேற்று வரை இலேனியா பாவி. இன்று அவள் பாவம், நான் பாவி. மடோன்னா மாதாவே, என்ன கணக்கு இது?

ஜூன் 7, ஞாயிறு

சால்வு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. படகில் கேலி தாங்க முடியவில்லை போல. மதியம் சாப்பாட்டில் நானே வெடித்துவிட்டேன். ஏன் பாடலன்னுதானே நீங்களும் நினைக்கறீங்க? கேட்டுத் தொலைங்களேன்! எனக்கே தெரியல. அவளுக்காகத்தான் சும்மா இருந்தேனா? இல்ல, ஜெயிச்சா அவ பேருதானே வரும்னு உள்ளுக்குள்ள ஒரு சனியன் உக்காந்திருந்துச்சா? சத்தியமாத் தெரியல.

அவர் தட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

ஜூன் 20, சனி

திருவிழாப் பாடகர் குழுவில் இந்த வருஷம் என்னைச் சேர்க்கவில்லை. காரணம் கேட்கவில்லை.

ஜூன் 29, திங்கள்

பேதுரு–பவுல் திருவிழா. சாயங்காலம் புனிதர்களின் சுரூபத்தைச் சுமந்த ஊர்வலம் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. நானும் சால்வுவும் பால்கனியில் நின்று வண்ணக் காகிதம் தூவினோம். வாத்தியச் சத்தம் கொஞ்சம் அடங்கியதும், கீழே பார்த்தபடியே சொன்னார்.

"வியாழக்கிழமை எனக்குப் பெருமையா இருந்துச்சு. சனிக்கிழமைதான் அழுதேன்."

"தோத்ததுக்கா?"

"ஓட்டே எண்ணலியே அப்ப. அந்தப் பொண்ணு உடைஞ்ச குரலோட நின்னா பாரு, அப்ப. பின்னால நீ மூச்சைப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன்னு தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் இத்தனை நாளா பேசாம இருந்தீங்க?"

"என்ன சொல்றதுன்னு தெரியல. இப்பவும் தெரியல."

எனக்கும்தான். கூட்டத்திலிருந்து கார்மனு கிழவர் அண்ணாந்து கையசைத்தார். எனக்கா, பக்கத்து வீட்டுக்காரருக்கா? நானும் பதிலுக்கு அசைத்து வைத்தேன்.

முயல் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது. இலேனியா படகேறிவிட்டாளாம். அவளைச் சாப்பிட வரச் சொன்னது நான் இல்லை, சால்வு. அவளை அழைத்துவரத் துறைமுகத்துக்குப் போயிருக்கிறார்.