'அவருக்கு' என்று தொடங்கிய கடிதங்கள்

வடஆற்காட்டை இரண்டாகப் பிரித்து நம் ஊரைத் தனி மாவட்டமாக்கினார்களே, அந்த வருஷம்தான் அம்மா, உன் தகரப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினோம். கடைத்தெருவில் போர்டுகளில் பழைய மாவட்டப் பெயரை அழித்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நம் வீட்டில் ஓடு மாற்ற ஆள் வந்திருந்தது. நீ போய் ஒரு வருஷம். அப்பா போனது அதற்கும் வெகுகாலம் முன்பு.

இன்று பெட்டியைத் திறந்தேன். அதே அந்துருண்டை வாசனை. உன்னோடு பேசவேண்டும் போலிருந்தது. நான் சொல்லச் சொல்ல உன் பேத்தி செல்வி எழுதுகிறாள்.

அன்றைக்குக் கூறைப்புடவைக்கு அடியில் ஒரு கட்டுக் கடிதங்கள் இருந்தன. எனக்குத்தான் எழுத்து தெரியாதே, செல்விதான் படித்தாள். எல்லாமே 'அவருக்கு' என்று தொடங்கின. பெயர் எங்குமே இல்லை. 'உங்க சட்டையைத் தலைக்கு வச்சிப் படுத்தாத்தான் தூக்கம் வருது' என்ற இடத்தில் போதும், நிறுத்து என்றேன்.

நீயும் அப்பாவும் சிரித்துப் பேசி நான் பார்த்ததில்லை. அவர் கூடத்துக்கு வந்தால் நீ அடுக்களைக்குள் போய்விடுவாய். அப்படியானால் சட்டை யாருடையது? யாரையோ மனசில் வைத்துக்கொண்டா எங்களுக்குச் சோறு போட்டாய்? வெந்நீர் அடுப்பில் போடக் கடிதக் கட்டைக் கையில் எடுத்தேன். செல்வி விடவில்லை.

"ஆயாவுக்குதான் எழுதத் தெரியாதேப்பா. எழுதிக் குடுத்தவங்களைப் போய்க் கேளு" என்றாள்.

உன் காலத்தில் நம் பக்கத்தில் பள்ளிக்கூடம் போன பெண் பின்தெரு பாய் வீட்டு அக்காதான். போனேன். கண்ணாடியைத் தேடிப் போட்டு ஒரு வரி பார்த்தாள். பொக்கை வாய் கொள்ளாமல் சிரித்தாள்.

"என் கையெழுத்துதான்டா."

யாருக்கு எழுதியது என்று நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள்.

"உங்கப்பனுக்குதான். நீ பொறக்கறதுக்கு முன்ன கோலார் சுரங்கத்துல வேலை பார்த்தாரில்ல? பேரை எழுதவான்னா உங்கம்மா என் கையைப் புடிச்சுக்குவா. புருஷன் பேரு காகிதத்துலகூட வரக்கூடாதாம். கவர் மேல நானே எழுதிப் போடுவேன். ஊருக்கு வந்தப்ப அத்தனையும் பத்திரமா எடுத்துனு வந்தாரு."

அப்பா பெயர் அண்ணாமலை. தீபத்தன்று ஊரே 'அண்ணாமலைக்கு அரோகரா' என்று முழங்கும்போது நீ மட்டும் கைகூப்பி 'அவருக்கு அரோகரா' என்பாய். அதைக் கேட்டு வளர்ந்த எனக்கே அந்த 'அவர்' யார் என்று தெரியவில்லை பார்.

கிளம்பும்போது அக்கா, "உங்கம்மா சொன்னதுல பாதியைத்தான்டா எழுதினேன். சின்னப் பொண்ணு எழுதற பேச்சா அதெல்லாம்?" என்றாள். மீதி என்னவென்று கேட்டேன். போடா என்றாள்.

வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது உன்னை நினைத்தால், அப்பா சாப்பிட்டு எழும்வரை அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நீ நின்றுகொண்டே இருந்தது நினைவுக்கு வருகிறது. நிம்மதியாக இருக்கிறது அம்மா.

எழுதாத அந்த மீதியைக் கேட்டவள் ஒருத்தி இன்னும் இருக்கிறாள். ஒவ்வொரு ரம்ஜானுக்கும் பிரியாணி கொடுத்தனுப்பி, கூடவே 'சொல்லமாட்டேன்' என்றும் சொல்லியனுப்புகிறாள், நம் நூர்ஜகான் அக்கா.