பால்கனிக்குப் போன போர்விமானம்

ஜூன் 3

அன்புள்ள பைலட்டம்மாவுக்கு,

நான் சுகம். இங்கே வந்து தங்கியிருக்கும் என் தம்பியும் சுகம். அவனுக்கு இன்னும் வேலை அமையவில்லை. நம் வீட்டுச் சாப்பாட்டில் கன்னம் மட்டும் உப்பியிருக்கிறது. புது ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே மெஷினாவது உன் பேச்சைக் கேட்கிறதா? போனில் பேசினால் உடனே சண்டை வருகிறது, எழுதுங்கள் என்றாய். எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு சின்ன விஷயம். உன் அறையைத் தூசி தட்டும்போது, நீ முடிக்காமல் விட்டுப்போன மாடல் விமானத்தில் துணி மாட்டி, பைலட் உட்காரும் இடத்துக் கண்ணாடி மூடி கழன்று விழுந்தது. பயப்படாதே, ஒட்டிவிட்டேன். இனி அசைக்க முடியாது.

உன் குமாஸ்தா


ஜூன் 9

அன்புள்ள உங்களுக்கு,

எதை வைத்து ஒட்டினீர்கள்? செருப்பு ஒட்டுகிற அந்தப் பசையா? அதன் ஆவி பட்டால் கண்ணாடி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் பூத்துப்போகும். அதனால்தான் மூடியை ஒட்டாமல் சும்மா பொருத்தி வைத்திருந்தேன்.

"எல்லாரும் செய்யுற விமானத்தைச் செஞ்சா என்ன?" என்று கேட்பீர்கள். இது ஐந்தாறு மட்டும் செய்து, ஒரு சண்டைக்கும் அனுப்பாமல் கைவிட்ட ஜெட். இதன் மாடலுக்கான பாகங்கள் அடங்கிய பெட்டி கிடைக்க நாயாய் அலைந்தேன். உடம்பின் இரண்டு பாதியும் ஒன்றோடொன்று சேராது. ஒரு பக்க இறக்கை தூக்கிக்கொண்டு நிற்கும். பட்டி பூசுவதும் தேய்ப்பதும் மறுபடி பூசுவதுமாக ஒரு மழைக்காலமே போயிற்று. இங்கே நாளெல்லாம் அடுத்தவர் எலும்பைப் படமெடுத்துவிட்டு அறைக்கு வந்தால் கை நமநமவென்கிறது.

தயவுசெய்து இனி தொடாதீர்கள்.

பைலட்டம்மா


ஜூன் 15

அன்புள்ள பைலட்டம்மாவுக்கு,

அதே பசைதான். வெள்ளையாகப் பூத்துவிட்டது. உன் கடிதம் வருவதற்குள் நகப்பூச்சு அழிக்கிற மருந்தால் துடைத்துப் பார்த்தேன். மூடி, வாயில் போட்டு எடுத்த மிட்டாய் மாதிரி ஆகிவிட்டது. தம்பி பார்த்துவிட்டு, "அண்ணா, உள்ள பைலட் இருந்திருந்தா மூச்சு முட்டியே போயிருப்பான்" என்றான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

அறையை எதற்குச் சுத்தம் செய்தேன் என்றால், கூடத்தில் படுத்து முதுகு வலிக்கிறது என்கிறான். உன் மேசை இருந்தால் கட்டில் உள்ளே நுழையாது. அதனால் மேசையைப் பால்கனியில் போட்டிருக்கிறேன். விமானம் அதன் மேல்தான் பத்திரமாக இருக்கிறது.

உன் குமாஸ்தா


ஜூன் 22

அன்புள்ள உங்களுக்கு,

மூடி போகட்டும். பால்கனியில் மத்தியான வெயில் அடிக்கும், பிளாஸ்டிக் வளைந்துவிடும். அதுவும் போகட்டும்.

அந்த மேசையை அந்த அறையில் போட நான் எவ்வளவு மல்லுக்கட்டினேன் என்று உங்களுக்குத் தெரியும். "ஒரு வருஷந்தானே, கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள வந்துடுவே" என்று பஸ் ஏற்றிவிட்டவர் நீங்கள். திரும்பி வருகிறவளின் மேசையை யாராவது நகர்த்துவார்களா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உங்கள் தம்பி எப்போது வேறு இடம் பார்ப்பார்?

இங்கே பெரிய டாக்டர், இன்னும் இரண்டு வருஷம் இரு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று தள்ளிவருகிறேன். இப்போது கேட்கிறேன். சொல்லுங்கள்.

உங்கள் மனைவி


ஜூலை 6

அன்புள்ள பைலட்டம்மாவுக்கு,

நல்ல சேதி. அந்தப் பெட்டியைத் தயாரிப்பவரைத் தேடிப் பிடித்து, கெஞ்சிக் கூத்தாடி, உதிரி மூடி ஒன்று வரவழைத்துவிட்டேன். ஆபீசில் எல்லோரும், "என்ன சார், ஏர்ஃபோர்ஸ்ல சேர்ந்துட்டீங்களா?" என்று கேலி செய்கிறார்கள். இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இனி உனக்குக் கோபம் இருக்காது. வெயில் படாமல் விமானத்துக்கு மேல் குடையும் விரித்து வைத்தாயிற்று.

தம்பி பாவம், எங்கே போவான்? டாக்டர் விஷயம் உன் இஷ்டம். நீ எது செய்தாலும் யோசித்துத்தான் செய்வாய்.

உன் குமாஸ்தா


ஜூலை 12

அன்புள்ள உங்களுக்கு,

மூடி வந்தது. ஒரு கீறல் இல்லை. எனக்காக அலைந்திருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் நான் கேட்டது மூடி இல்லை. "உன் இஷ்டம்" என்று எழுதிவிட்டீர்கள். "வந்துவிடு" என்று எழுதியிருந்தால் அன்றைக்கே மூட்டை கட்டியிருப்பேன்.

மாத முடிவில் சொல்வதாக டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குள் ஒரு சனிக்கிழமை விமானத்தை எடுத்துக்கொண்டு நீங்களே வாருங்கள். மடியில் வைத்துக்கொண்டால் ஒன்றும் ஆகாது. சரியான பசை வாங்கி வைத்திருக்கிறேன். நான் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் ஒட்டுங்கள். பேச வேண்டியதையும் பேசிவிடலாம். சண்டை வந்தாலும் வரட்டும். எந்த பஸ் என்று எழுதினால் போதும், வந்து நிற்பேன்.

பைலட்டம்மா


ஜூலை 19

அன்புள்ள பைலட்டம்மாவுக்கு,

விமானத்தைப் பார்சலில் அனுப்பிவிட்டேன். இந்தச் சனிக்கிழமை தம்பிக்கு இன்டர்வியூ, தனியாக அனுப்ப மனசு வரவில்லை. அடுத்த வாரம் ஆபீசில் ஆடிட். தவிர, பஸ் கூட்டத்தில் யாராவது இடித்தால் இறக்கை போய்விடும்.

தம்பியும் நானும் அரை நாள் உட்கார்ந்து பொதிந்தோம். பெட்டிக்குள் பெட்டி, நடுவில் பழைய தலையணை. உன் தூரிகை, உப்புத்தாள், பெயிண்ட் எல்லாவற்றையும் போட்டிருக்கிறேன். அங்கே உனக்கும் பொழுது போக வேண்டுமே. மேசைதான் பாக்கி. அதன் மேல் தம்பி துணி காயப்போடுகிறான்.

இந்தத் தடவை எதுவும் உடையாது. கிடைத்ததும் ஒரு வரி எழுது.

உன் குமாஸ்தா