நத்தை அனுப்பிய திருத்தம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருப்பதாகத்தான் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இதைக் கொண்டுவருபவர் நம் எதிர்வீட்டு நர்ஸ். நீ இருக்கும் ஊர் ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. உன் கையில் மட்டும்தான் தர வேண்டும், உன்னோடு தங்கியிருப்பவர்களிடம் கொடுத்துவிட்டு வந்துவிடக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறேன். இந்தக் காலத்தில் காகிதத்தில் கடிதமா என்று சிரித்தார். மெயில் அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் உன் மெயிலை நீ மட்டுமே படிக்கிறாய் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. ஏன் என்று படித்துக்கொண்டே வா, புரியும்.

அம்மா நன்றாக இருக்கிறாள். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று பிளம்பரைக் கூப்பிட்டாள். அவர் வந்துபோனதும் சமையலறைக் குழாயும் ஒழுக ஆரம்பித்துவிட்டது. திரும்பக் கூப்பிட வேண்டும் என்றே ஏதோ செய்துவிட்டுப் போயிருக்கிறான் என்று சாதிக்கிறாள். உனக்கு இந்தச் சந்தேகப் புத்தி எங்கிருந்து வந்தது என்று அத்தான் இனி என்னைக் கேட்க மாட்டார்.

ஆபீஸ் சேதிக்கு வருகிறேன். நீ விட்டுப்போன நாற்காலிக்கு இன்னும் ஆள் வரவில்லை. வருகிறவர் போகிறவர் எல்லாம் அதில் பையை வைக்கிறார்கள். கம்ப்யூட்டரின் அடிநிரலான நம் கர்னலில், எந்த இடம் காலி என்று பிட் பிட்டாகத் தேடும் பகுதி இப்போதும் என் பொறுப்புதான். வெளியிலிருந்து வரும் திருத்தங்களை நான் பார்த்துச் சரி என்றால்தான் உள்ளே போகும். சில மாதங்களாக ‘நத்தை’ என்ற புனைபெயரில் ஒருவர் அனுப்பிக்கொண்டிருந்தார். பெயர்தான் நத்தை, அவர் கை பட்ட நிரல் எல்லாம் பறந்தது. நம் குழுத் தலைவருக்கு வாயெல்லாம் பல். இதை மாற்றுங்கள் என்றால் முகம் சுளிக்காமல் மாற்றி அனுப்புவார், நன்றி வேறு சொல்வார். அந்தப் பணிவுதான் எனக்கு முதலில் உறுத்தியது. நம் தொழிலில் அவ்வளவு பணிவானவரை நீ பார்த்திருக்கிறாயா?

போன மாதம், முதல் காலி பிட்டைத் தேடும் நிரலையே மாற்றி எழுதி அனுப்பினார். ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று அத்தான் கேட்டதால் அவருக்கு விளக்கினேன். உங்கள் லாட்ஜில் சாவிப் பலகை இருக்கிறதே, அது மாதிரிதான்; சாவி தொங்கினால் அறை காலி; ஒவ்வொரு கொக்கியாகத் தடவாமல், ஒரு வரிசையையே ஒரே பார்வையில் பார்த்து முதல் சாவியை எடுப்பதுதான் எங்கள் வித்தை என்றேன். பலகை முடிந்ததும் நின்று, அறை இல்லை என்று சொல்ல வேண்டும். அதற்கு ஒரு சோதனை இருந்தது. நத்தை அதை எடுத்துவிட்டிருந்தார். கேட்பவர்களே எல்லையைப் பார்த்துக்கொள்கிறார்கள், இங்கேயும் பார்ப்பது வீண் வேலை என்று குறிப்பு. வேகம் கூடியது, அது பொய்யில்லை.

பலகை முடிந்த பிறகும் கை போய்க்கொண்டே இருந்தால் எதைத் தொடும் என்று கேட்டார் அத்தான். பக்கத்தில் எது இருக்கிறதோ அதை என்றேன். சொன்ன வாய் மூடுவதற்குள் எழுந்துபோய்ப் பார்த்தேன்.

பக்கத்தில் இருந்தது அனுமதி அட்டவணை. எந்த நிரல் எதையெல்லாம் செய்யலாம் என்று குறித்து வைக்கும் இடம். அது முன்பு அங்கே இருந்ததில்லை. நான் விடுப்பில் இருந்தபோது, சும்மா ஒழுங்குபடுத்தல் என்று தலைவர் உள்ளே விட்ட ஒரு சின்னத் திருத்தம் அதை நகர்த்தியிருந்தது. அதை அனுப்பியவரும் நத்தைதான். பிட் தேடும் நிரலை அழைக்கும் இடங்களை ஒவ்வொன்றாகத் துருவினேன். ஒரே ஓர் இடத்தில் மட்டும் எல்லையைப் பார்ப்பதில்லை. எல்லா இடமும் நிரம்பியிருக்கும்போது அந்த வழியாக இன்னும் ஓர் இடம் கேட்டால் போதும், பக்கத்து அட்டவணையில் ‘அனுமதி இல்லை’ என்று 0 ஆக இருக்கும் பிட், ‘அனுமதி உண்டு’ என்று 1 ஆகிவிடும். கேட்டவனுக்கு இல்லாத அதிகாரம் வந்துவிடும். நம் கர்னல் எந்தெந்த இயந்திரங்களில் ஓடுகிறது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவுக்குக் கடைசியில் மூச்சுக் கொடுத்ததும் அதில் ஒன்று.

ஏன் சோதனையை எடுத்தீர்கள் என்று எல்லோரும் பார்க்கும்படி கேட்டேன். நத்தைக்குப் பதிலாக, அதுவரை கேள்விப்படாத இரண்டு பேர் முளைத்து, ஓர் அம்மாளின் பிடிவாதத்துக்காக எத்தனை பேர் காத்துக் கிடப்பது என்று எழுதினார்கள். தலைவரே என்னிடம், கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போங்களேன் என்றார். அவர் மேசையிலேயே உட்கார்ந்து, அவர் கண் முன்னால் இடங்களை நிரப்பி, இன்னும் ஒன்று கேட்டுக் காட்டினேன். ஒன்றுக்கும் உதவாத ஒரு சோதனை நிரல் முழு அதிகாரத்தோடு எழுந்து நின்றது. இப்போது இரண்டு திருத்தங்களையும் பிடுங்கிவிட்டோம். நத்தையின் கணக்கும் மூடிக் கிடக்கிறது.

இதுவரை எழுதியது ஊருக்கே தெரியும். இனி எழுதுவது உனக்கு மட்டும்.

பழைய புராசஸர்களுக்காக அந்தத் திருத்தத்தில் நத்தை ஒரு பெருக்கல் எண்ணைப் போட்டிருந்தார். ஒற்றை பிட்டை அதால் பெருக்கினால் அதன் இடம் தெரிந்துவிடும் என்ற, நம் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த தந்திரம். அதற்கு உதவும் எண்கள் ஏராளம், ஆனால் எல்லோரும் புத்தகத்தில் இருப்பதையே எடுத்துப் போடுவார்கள். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அப்பா படுத்திருந்த அறைக்கு வெளியே, பெஞ்சில் உட்கார்ந்து நீ கண்டுபிடித்து என்னிடம் காட்டிய எண்.

நீ மறதிக்காரன் இல்லை. வேறு எண்ணைப் போட்டிருந்தால் என்னால் உன்னை அடையாளம் கண்டிருக்கவே முடியாது. எனக்குத் தெரியட்டும் என்றுதான் போட்டாயா? இல்லை, அக்கா எங்கே கவனிக்கப் போகிறாள் என்ற அலட்சியமா? இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்துத் தூக்கம் போய்விட்டது. உன் கம்பெனியின் பெயரை நீ இன்னும் சொல்லவில்லை. போனில் யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பதுபோலப் பேசுகிறாய். அவன் பக்கத்தில் யாரையோ வைத்துக்கொண்டு பேசுகிறான்டி என்று அம்மாவே சொல்லிவிட்டாள்.

தலைவரிடம் நான் இன்னும் உன்னைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் ரொம்ப நாள் மறைக்க என்னால் ஆகாது, அது உனக்கும் தெரியும்.

உன் பாஸ்போர்ட் உன் கையில் இருக்கிறதா? நினைத்தால் வெளியே போக விடுகிறார்களா? இல்லை என்றால், அடுத்த முறை போன் செய்யும்போது, பல்வலி தேவலையா என்று அம்மாவிடம் கேள். அவளுக்குப் பல்வலியே கிடையாது, குழம்புவாள், நான் சமாளித்துக்கொள்கிறேன். உன்னை வெளியே கொண்டுவர ஆக வேண்டியதை அன்றைக்கே நானும் அத்தானும் தொடங்கிவிடுவோம். நீயாக விரும்பித்தான் செய்தாய் என்றால் ஒன்றும் கேட்க வேண்டாம். அதையும் புரிந்துகொள்வேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. எந்த ஊரில் இருந்தாலும் நீ நல்லபடியாக இருக்க வேண்டும். அம்மா போனை எடுக்கும்போதெல்லாம் நான் பக்கத்திலேயே நிற்கிறேன். பல்வலியைப் பற்றிக் கேட்டுவிடு, என் ராசா.

உன் குரலுக்காகக் காத்திருக்கும்
அக்கா