முளைத்து வந்த நாற்றம்

நவ. 12, புதன்
விடியலிலிருந்து மழை. துணி காயவில்லை. காய்ச்சல் போய் மூன்று வாரம், மூக்கில் இன்னும் ஒன்றும் இல்லை. சாம்பார், சோப்பு, ஈரத்துணி, எல்லாம் ஒன்றுதான்.
பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. மகள் மாலினி கூடத்தில் பொம்மையோடு. எதிர் வீட்டுத் தேவகி அக்கா கதவை இடித்தார்.
“இன்னாம்மா, கேஸு இந்த நாத்தம் நாறுது. உள்ளாற இன்னா பண்ணிகினு கீற?”
அவரே உள்ளே போய் சிலிண்டரை மூடினார். நான் மாலினியைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில். நாலு வயதுக் குழந்தை.

நவ. 14, வெள்ளி
அரை நாள் லீவு. செங்கல்பட்டு, காது மூக்கு தொண்டை டாக்டர்.
“வாசனை பிடிக்கிற நரம்பு செல் எல்லாருக்கும் செத்துகிட்டேதான் இருக்கும். பழசு போகும், புதுசு முளைக்கும். உங்களுக்குக் காய்ச்சல்ல ஒரேயடியா நிறைய போயிருக்கு.”
“திரும்ப முளைக்குமா டாக்டர்?”
“அடியில விதை மாதிரி சில செல் இருக்கு. அது தப்பிச்சிருந்தா முளைக்கும். மாசக்கணக்குல ஆகும்.”
“தப்பிக்கலைன்னா?”
“பாக்கலாம்மா.”
தினம் இரு வேளை கிராம்பு, எலுமிச்சை முகர வேண்டும். கேளம்பாக்கம் வந்து சேரும்வரை பஸ்ஸில் அந்தப் ‘பாக்கலாம்மா’தான்.

ஜன. 18, ஞாயிறு
மாமல்லபுரம். பொங்கல் கூட்டம் குறையவில்லை. வறுத்த மீன் கடையருகே மூக்கில் ஏதோ ஏறியது. கணவர் ரவியின் கையைப் பிடித்து, “வருதுங்க, வாசனை வருது” என்றேன். அடுத்த நொடி குமட்டல். அழுகலும் எரிந்த ரப்பரும் கலந்த நாற்றம். அவர் தட்டை முகர்ந்து பார்த்தார். “நல்ல மீன்தானே.”
வீட்டில் காபியும் அதே. வெங்காயமும்.
தூங்க வைக்கக் குனிந்தேன். மாலினி தலையும் அதே.

ஜன. 20, செவ்வாய்
டாக்டருக்குப் போன். நல்ல அறிகுறியாம். புது செல்கள் முளைத்துவிட்டன, அவற்றின் இழைகள் மூளையில் சேர வேண்டிய இடத்தில் இன்னும் சரியாகச் சேரவில்லை. நிறைய பேருக்குச் சரியாகிவிடுமாம். நிறைய பேருக்கு.
மாலினிக்கு இன்று இரண்டு தடவை தலைக்கு ஊற்றினேன். கண் சிவந்துவிட்டது.
“நான் நாறுறேனாம்மா?”
“இல்லடா கண்ணு.” முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னேன். பார்த்துவிட்டாள்.
இப்படியே நின்றுவிட்டால்?

ஜன. 21, புதன்
வெயில். ரவிக்கு வீட்டிலிருந்தே வேலை. பள்ளி வேனிலிருந்து இறங்கியவள் என்னைத் தாண்டி நேராக அப்பாவிடம்.
பின்னாலேயே போய்த் தூக்கினேன். மூச்சை அடக்கவில்லை. அதே அழுகல். கொஞ்சம் விறைத்திருந்தாள், பிறகு கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.
கீழே இறக்கிவிடவில்லை.