புது அரிசிச் சோறும் கறுப்பு எள்ளும்

ஜனவரி 4, 2010. திங்கள்

ஹாஸ்டலில் இன்றைக்கு நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சாம்பார், கத்தரிக்காய். வார்டன் மனோரமா அம்மா இந்த டைரியைக் கொடுத்துவிட்டு, "ஏம் லட்சுமி, கொடுக்கு வச்சாடா?" என்று தெலுங்கில் கேட்டார்கள், பிள்ளை வந்தாச்சா என்று. மகன் நாளை மறுநாள்தான் வருகிறான் என்றேன். அதற்குள் இருப்பு கொள்ளவில்லை எனக்கு.

நாலு வருஷம்! ஹரிபாபு ஆஸ்திரேலியாவுக்குக் கம்ப்யூட்டர் படிக்கப் போனான், படித்தான், மெல்போர்னிலேயே வேலையும் வாங்கிக்கொண்டான். ஞாயிறானால் போன். நான் தவறாமல் கேட்பது ஒன்றுதான். "உக்காந்துதானே வேலை?" "ஆமாம்மா, ஏசி ரூம்ல உக்காந்துகினு." அந்த ஒரு வார்த்தை எனக்கு ஒரு வாரத்துக்குப் போதும். இருபத்திரண்டு வருஷமாக அடுப்பு முன்னால் நின்று என் முட்டி தேய்ந்ததே அதற்காகத்தான். சின்னதில் அவன் கரண்டியைத் தொட்டால் அதே கரண்டியால் ஒன்று வைப்பேன்.

ஜனவரி 6, புதன்

வந்துவிட்டான். இளைத்திருக்கிறான். முழங்கைக்கு உள்பக்கம் கோடு கோடாகத் தழும்பு. என்னடா இது என்றால், "சட்டை தேய்க்கும்போது இஸ்திரிப் பெட்டி பட்டுச்சும்மா." கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. இஸ்திரிப் பெட்டி நாலு இடத்திலா படும்?

ஜனவரி 10, ஞாயிறு

திருப்பதியிலிருந்து சிரஞ்சீவி போன் செய்தார். 24ஆம் தேதி பெண்வீட்டார் வருகிறார்கள். எல்லோருக்கும் மனசு ஒத்துப்போனால் அன்றைக்கே தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாமாம். பெண் பெயர் ரூபா. பாங்கியில் வேலை. அப்பா இல்லாத பெண், தாய்மாமன் சிரஞ்சீவி வைத்ததுதான் சட்டம். "கம்ப்யூட்டர் மாப்பிள்ளைன்னா எங்க அக்காவுக்கு அவ்ளோ சந்தோஷம்மா" என்றார். எனக்கு அதைவிடச் சந்தோஷம்.

ஜனவரி 14, வியாழன். பொங்கல்

எங்கள் வீட்டுக்காரர் குத்தகைக் கொல்லையில் விளைந்த புது அரிசி. பொங்கலுக்குச் சரி. ஆனால் சோறு வடித்தால் களி. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கரண்டியை விடமாட்டேன் என்கிறது. ஆறு மாசம் போட்டு வைத்தால்தான் இது மனுஷர் துன்னுகிற அரிசி.

ஹரி மட்டும் இரண்டு விரலால் அந்தச் சோற்றை நசுக்கிப் பார்த்து, "அம்மா, சூப்பர் அரிசி இது!" என்றான். பைத்தியம்.

ஜனவரி 15

மத்தியானம் கிரகணம். அடுப்பு மூட்டவில்லை. பகலில் படுத்து எத்தனை வருஷம் ஆயிற்று!

ஜனவரி 18, திங்கள்

தலையில் இடி. 24ஆம் தேதி விருந்தில் ஒரு ஐட்டம் அவன் செய்கிறானாம்! சுஷி என்று பெயர், ஜப்பான்காரர் பண்டமாம். அந்த ஊர் ஓட்டலில் கிடைக்குமாம். "ரூபா போன்ல கேட்டாம்மா, ஆசையா." பெண் பார்க்கிற பந்தியில் மாப்பிள்ளை சமைக்கிறதா? ஊர் சிரிக்காதா? பெட்டியைத் திறந்து கார்பன் பேப்பர் மாதிரி கறுப்புத் தாள் ஒரு கட்டு எடுத்தான். கடல் பாசியாம். துன்ன வேண்டுமாம். ஐயோ கடவுளே.

எங்கள் வீட்டுக்காரர் கன்னையா இருக்கிறாரே, அவர் ஒரு தாளைக் கிழித்து வாயில் போட்டு, "உப்பாத்தான் கீது, பரவால்ல" என்றார். அப்பனும் பிள்ளையும் சேர்ந்துவிட்டார்கள்.

ஜனவரி 19, செவ்வாய்

எழுத மனசில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

இன்றைக்கு ஒத்திகை பார்த்தான். சூளூர்ப்பேட்டையிலிருந்து இறாலும் நண்டும் வந்தன. ஒட்டுகிற அரிசிதான் இதற்கு வேண்டுமாம், புது அரிசியைக் குழைய வடித்து, வினிகரும் சர்க்கரையும் உப்பும் கலந்து ஊற்றி, எங்கள் வீட்டுக்காரரை விசிறியால் விசிறச் சொன்னான். முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். பச்சை முட்டை மஞ்சள் கருவில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு அடித்தான், வெண்ணெய் மாதிரி திரண்டது. வெந்த இறாலையும் நண்டுச் சதையையும் அதில் போட்டு மிளகாய்த் தூள் தூவினான். கறுப்புத் தாளில் சோற்றைப் பரப்பி, அப்படியே கவிழ்த்து, வெள்ளரியும் கேரட்டும் வைத்து, சின்னப் பாயால் சுருட்டினான். கத்தியை ஈரத் துணியில் துடைத்துத் துடைத்து நறுக்கினான். எட்டுத் துண்டு. அவன் பார்வை என் மேல் இருந்தது, கை பாட்டுக்கு நறுக்கியது. எட்டும் ஒரே அளவு.

என் சிரிப்பு அப்போதே நின்றுவிட்டது.

துண்டு துண்டாக நண்டுக் கலவையை ஏற்றி, கங்கையா பேக்கரி அடுப்பில் வைத்துச் சிவக்க வாட்டி வண்டியில் கொண்டுவந்தான். அந்தச் சுடுகிற தட்டோடு என் முதுகுக்குப் பின்னால் வரும்போது கத்தினான் பாருங்கள்: "ஹாட்! பிஹைண்ட்!"

ஹாஸ்டலில் குண்டானைத் தூக்கிக்கொண்டு "சூடு! ஓரம்!" என்று நான் கத்துகிற அதே குரல். வீட்டில் சமைக்கிறவள் யாரும் அப்படிக் கத்தமாட்டாள். நாலைந்து பேர் ஒரே அடுப்படியில் நாள் முழுக்க நின்றால்தான் அந்தக் குரல் வரும். தோளில் துண்டு. முழங்கையில் தழும்பு, அதுவும் அடுப்புக்குள் தட்டு தள்ளுகிறபோது படுகிற இடத்தில். எனக்கும் அங்கேதான் இருக்கிறது.

"எத்தினி வருஷமாடா?" என்றேன்.

அவன் தட்டைக் கீழே வைக்கவே இல்லை. "மூணு வருஷம்மா" என்றான்.

ஜனவரி 20

அவனோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டேன்.

ஜனவரி 21, வியாழன்

கேட்டேவிட்டேன். கம்ப்யூட்டர் படிப்பில் ஒரு வருஷத்திலேயே இரண்டு பரீட்சை போயிற்றாம். சமையல் படித்தால் அங்கேயே நிரந்தரமாக இருக்க விசா கிடைக்கும் என்று சிநேகிதர்கள் சொல்ல, மாறிவிட்டானாம். இப்போது ஒரு கொரியாக்காரர் நடத்தும் ஜப்பான் ஓட்டலில் சமையல். பத்து மணி நேரம் நிற்கிற வேலை.

ஏசி ரூமும் இல்லை, நாற்காலியும் இல்லை! ஒவ்வொரு ஞாயிறும் என்னை நம்பவைத்தானே பாவி! நான் எந்த அடுப்பிலிருந்து அவனைத் தள்ளித் தள்ளி வளர்த்தேனோ, பிளேன் ஏறிப் போய் அதே அடுப்பு முன்னாலா நிற்கணும்? அழுதேன். அவனும் அழுதான்.

"பொண்ணு வீட்டுக்குத் தெரியக் கூடாது. தாம்பூலம் ஆவட்டும்" என்றேன். "பொய் சொல்லியா கட்டிக்கணும்?" என்றான். "மூணு வருஷம் எனக்குச் சொன்னியே, இன்னும் மூணு நாள் சொல்லு" என்றேன். கத்தி மாதிரி வந்தது வார்த்தை. அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

ஜனவரி 24, ஞாயிறு

எல்லாம் போயிற்று. போக்கியது நான்.

ஆறு பேர் வந்தார்கள். ரூபா லட்சணமான பெண், பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. இலையில் சாம்பார், வடை, கோழிக் குழம்பு எல்லாம் என் கையால். பிறகு ஹரி அவனுடைய தட்டைக் கொண்டுவந்தான். பார்த்தேன். ஒத்திகையில் இல்லாத ஒன்று. அழகுக்காகச் சோற்று உருளையைக் கறுப்பு எள்ளில் புரட்டி எடுத்திருக்கிறான்!

வெள்ளைச் சோறு, உருட்டியது, மேலே கறுப்பு எள். பதினாறாம் நாள் ஆற்றங்கரையில் காக்காய்க்கு வைக்கிறோமே, அதேதான். அங்கே போய் நாலு வருஷத்தில் இதுகூடவா மறந்துபோகும்? எட்டிப் பிடுங்கலாம் என்பதற்குள் ஹரி அதைச் சிரஞ்சீவியின் இலையில் வைத்துவிட்டான்.

அவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார். "என்னம்மா இது? சுபகாரியத்துல பிண்டம் உருட்டி வச்சிகினு கீறீங்க? இத எந்த மனுஷன் துன்னுவான்?"

தப்புதான். மன்னிப்புக் கேட்டிருக்கலாம், எள்ளைத் தட்டிவிட்டு வேறு வைத்திருக்கலாம். ஆனால் என் பிள்ளை தட்டைப் பிடித்துக்கொண்டு முகம் செத்து நிற்கிறானே! சமைத்தவனைப் பந்தியில் வைத்து அப்படிக் கேட்டால் எனக்குத் தாங்காது. ஹாஸ்டலில் சாப்பாட்டைச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டபோதே தாங்கவில்லை.

"யாரைப் பாத்து பிண்டம்ன்றீங்க? என் புள்ள தெனம் எறநூறு பேருக்கு இதத்தான் பண்ணிப் போடறான்! வெள்ளக்காரன் வரிசையில நின்னு வாங்கித் துன்றான்!"

சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது.

"பண்ணிப் போடறானா?" என்றார் சிரஞ்சீவி. "கம்ப்யூட்டர்னு சொன்னீங்க?"

தாம்பூலத் தட்டு அப்படியே இருக்க, வேன் கிளம்பிப் போயிற்று. ரூபா மட்டும் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தாள். இலையெல்லாம் எடுத்தபோது அவள் இலையில் அந்த உருளை ஒன்றுகூட மீதி இல்லை. மூன்று வைத்திருந்தான்.

ஜனவரி 25

என் வாயில் இடி விழ.

ஜனவரி 27, புதன்

வேலைக்குப் போனேன். மனோரமா அம்மா கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன், "எம் பையன் அங்க சமையல்காரன் மேடம்." சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கினேன். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

ஜனவரி 31, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுதுவது! பதினோரு மணிக்குப் பிச்சாட்டூர் பஸ்ஸிலிருந்து ரூபா இறங்கி வருகிறாள். தனியாக! ஹரி பேக்கரிக்குப் போயிருந்தான். நான் புளி கரைத்த கையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

நேராக அடுப்படிக்கே வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். "அத்தை, எங்க மாமாவ நான் பேசி வழிக்குக் கொண்டாந்துட்டேன். நீங்க சரின்னா அடுத்த ஞாயித்துக்கிழமை தாம்பூலம்."

"அவன் கம்ப்யூட்டர் இல்லம்மா," என்றேன். "நெஜமாவே சமையல்தான்."

"தெரியும் அத்தை. மொத நாள் போன்லயே சொல்லிட்டாரு."

முதல் நாளேவா? முகம் தெரியாத பெண்ணிடம் சொன்னானா?

"அப்ப எங்கிட்ட மட்டும் ஏம்மா மூணு வருஷம் மறைச்சான்?"

"சொன்னா நீங்க செத்துப்பூடுவீங்கன்னாரு. 'உக்காந்துதானே வேலை'ன்னு கேக்கும்போது உங்க கொரல்ல அவ்ளோ ஆசையாம். இல்லன்னு சொல்ல நாக்கு வரலயாம்."

புளிக் கையோடு முகத்தை மூடிக்கொண்டேன். கண்ணெல்லாம் எரிந்தது. நான் கேட்ட கேள்விதான் அவனைப் பொய் சொல்ல வைத்தது. நானேதான்.

பிப்ரவரி 7, ஞாயிறு

தாம்பூலம் மாற்றினோம். ஹரி மறுபடியும் அதையே செய்தான். சிரஞ்சீவி தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எள்ளு இல்லையே?" என்றார். பிறகு ஏழு துண்டு தின்றார். எண்ணினேன்.

பிப்ரவரி 9

ஊருக்குப் போய்விட்டான். புது அரிசி இரண்டு கிலோ கொண்டுபோகிறேன் என்று ஒரே பிடிவாதம். ஏர்போர்ட்டில் விடமாட்டார்கள் என்று ரூபா பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டாள்.

மார்ச் 14, ஞாயிறு

இன்றைக்கு ஹாஸ்டலில் நூற்றிருபதோடு விருந்தாளி முப்பது. வந்து காலை நீட்டினேன், போன் அடித்தது.

வழக்கமான கேள்வி வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"இன்னிக்கு எத்தினி பேருக்குடா?" என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"எறநூத்திப் பத்துமா. உனக்கு?"

"நூத்தம்பது."

பிறகு முட்டி வலிக்கு என்ன தடவுகிறான் என்று கேட்டேன். அவன் சொன்னான். நான் தடவுவதை நான் சொன்னேன். அரை மணி நேரம் அதையேதான் பேசிக்கொண்டிருந்தோம்.